பதினோராவது கட்டு

வில்லியனூர் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருந்த பக்கீர் முகமதுவின் மகள் நூருன்னிசா, 1982இல் எங்கள் சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் அட்டை துளையிடும் வேலைக்குச் சேர்ந்தாள். புரோகிராமர் சிங்காரவேலு தாளில் எழுதித் தருவார். அதை வரிக்கு ஓர் அட்டையாக அவள் துளையிடுவாள்; அந்தத் துளைகளைத்தான் கம்ப்யூட்டர் படிக்கும். புரோகிராமை மாற்றும்போதெல்லாம் பழைய அட்டைகளும் தாளும் ஒன்றாகக் கட்டப்பட்டு அலமாரிக்குப் போகும். பிழை என்றால் அவளுக்குப் பொறுக்காது. டைம் ஆபீஸில் வருகைப் பதிவு பார்த்துக்கொண்டிருந்த என்னுடைய லீவு லெட்டரையே சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தவள்.

எந்த விவசாயி எந்தத் தேதியில் கரும்பு வெட்டலாம் என்று கம்ப்யூட்டர்தான் உத்தரவு அச்சிடும். 1984 சீசனில் பனங்குப்பத்துக்கு மட்டும் உத்தரவே வரவில்லை. அந்த ஊர்க் கண்ணையன் ஆலைக்கு நடையாய் நடந்தார். காரணம் தெரிவதற்குள் அவர் கரும்பு பூத்துச் சக்கையாகிவிட்டது. ஊர்ப்பட்டியலில் பனங்குப்பத்துக்கான மாநில எண் தப்பு; கம்ப்யூட்டர் அதன் கொல்லைகளை வேறு மாநிலத்தில் தேடியிருக்கிறது. சிங்காரவேலு அட்டையைச் சரிசெய்துவிட்டு, தாளில் தான்தான் தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்று மேனேஜர் உலகநாதனிடம் ஒப்புக்கொண்டார். பி.எஸ்ஸி. கணக்கு படித்த மனுஷனைத் தூக்கி, கரும்பு வண்டி நிறுக்கும் எடைமேடையில் போட்டார்கள். பழைய கட்டை அவிழ்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை, நான் உட்பட.

1987இல் புது மெஷின் வந்தது. அதில் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தது, எப்போது, ஏன் என்று வரிசையாக வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. கடைசி அட்டைக்கட்டை மட்டும் மெஷினில் ஏற்று, மற்றதை அடுப்பில் போடு என்றார் உலகநாதன். நூருன்னிசா மசியவில்லை. அப்படிச் செய்தால் ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று நாளைக்கு யாருக்கும் தெரியாது என்றாள். முதல் கட்டிலிருந்து ஒவ்வொன்றாக, தாளோடு ஒப்பிட்டு ஏற்றினாள். மொத்தம் இருபத்து மூன்று. எங்களுக்கெல்லாம் சிரிப்புதான்.

பதினோராவது கட்டில் நின்றுவிட்டாள். அன்று மதியம் சாப்பிடவும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஓர் ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு என்று எல்லை கன்னாபின்னாவென்று ஓடும். பனங்குப்பம் புதுச்சேரி ஊர். அதன் கரும்புக்கொல்லைகள் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம். அதனால் சிங்காரவேலு தாளில் தமிழ்நாட்டுக்கான 2ஐத் தெளிவாக எழுதியிருந்தார். அட்டையில் இருந்தது புதுச்சேரிக்கான 1. பனங்குப்பம் பாண்டிச்சேரிதானே, இவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவளே திருத்தியிருந்தாள். அவருக்கு உதவி செய்வதாக நினைப்பு. திருத்தியதை மறந்தும் போயிருந்தாள்.

உலகநாதனிடம் போய்ச் சொன்னாள். ஆறிப்போனதை ஏன் கிளறுகிறாய், அந்தக் கட்டை விட்டுவிட்டு அடுத்ததை ஏற்று, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். வேலை போகலாம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் அதை ஏற்றினாள். ‘ஏன்’ என்ற இடத்தில், தாளில் இருந்த 2தான் சரி, அதை 1 ஆக்கியது நூருன்னிசா என்று அடித்தாள். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு எடைமேடைக்குக் கிளம்பினாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் கூப்பிட்டாள்.

சிங்காரவேலு படித்தார். மறுபடியும் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“மூணு வருசமா எத எழுதினாலும் நாலு தடவ பாக்குறேம்மா,” என்றார். “நமக்கு இன்னமோ ஆயிப்போச்சுன்னே நெனச்சிட்டேன்.”

“மன்னிச்சிடுங்க சார்” என்று அவள் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அடுத்த வண்டி மேடையில் ஏறியது. எடையைப் பார்த்தார், ஒரே தடவையில் சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.