விளக்கு வைத்த பிறகு

அந்த மாலையில் இல்லையென்று சொல்ல வைத்தது வழக்கமா, போத்தலின் அடியில் கிடந்த எண்ணெயா? இராசேஸ்வரியிடம் இதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு ஒருவேளை இலகுவாக இருந்திருக்கும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வடக்கே குடாநாட்டிலிருந்து கணவர் சிற்றம்பலத்துடன் வந்து, நெடுங்கேணிப் பக்கத்துக் குளமொன்றின் கீழ் காணி எடுத்தவர் அவர். பெரிய கொடையாளி என்று அவரைச் சொல்ல முடியாது, கஞ்சத்தனமும் இல்லை. அளந்து வாழ்ந்தார். அடுத்த காணியில் கனகலிங்கமும் அவன் மனைவி விமலேஸ்வரியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். நடுவில் முட்கிளைகளை அடுக்கிக் கட்டிய அலம்பல் வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து வரக்கூடிய இடைவெளி, பொட்டு என்பார்கள். உப்பும் தணலும் ஊர்க்கதையும் அதனூடாகத்தான் போய்வந்தன.

அறுபதுகளில் மாரி பொய்த்த ஒரு வருடம் மண்ணெண்ணெய் விலையும் ஏறியது. ஏன் ஏறியது என்று அங்கே எவருக்கும் தெரியாது. கப்பல் என்றார்கள், வரி என்றார்கள். நிலவுக்கு மட்டும்தான் இன்னும் விலை போடவில்லை என்று சந்திக் கடை ஆதம்பாவா பகிடி விட்டார். ஆனால் எண்ணெய் அளக்கும்போது முகத்தைப் பார்க்காமல் அளந்தார். வீடுகளில் பொழுது படுமுன்னரே சாப்பிட்டு முடித்தார்கள். திரியை இறக்கி வைத்தார்கள். ஒருவர் குசினிக்குப் போனால் லாம்பும் கூடப் போனது. மற்றவர்கள் இருட்டில் இருந்தபடியே கதைத்தார்கள். கனகலிங்கத்தின் வீட்டில் அதுவும் குறைந்து, பல நாட்கள் அடுப்புத் தணலே வெளிச்சமாயிற்று.

விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எண்ணெய், நெருப்பு, உப்பு எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்பது குடாநாட்டிலிருந்து வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த வழக்கம். எண்ணெய் மலிவாய் இருந்த காலத்தில் அதற்கு ஒரு பின்கதவு இருந்தது. முன்வாசலால் கொடுக்காமல் குசினிப் பக்கத்தால் நீட்டிவிடுவார்கள். அதை யாரும் கொடுத்ததாக எண்ணுவதில்லை. இராசேஸ்வரியே பலமுறை அப்படிக் கொடுத்திருக்கிறார். விலை ஏறிய பின் அந்தப் பின்கதவை எல்லோரும் மறந்தார்கள். வழக்கம் இறுகியதற்கும் விலை ஏறியதற்கும் தொடர்பு உண்டென்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

ஒருநாள் பொழுதுபட்டு, இராசேஸ்வரி லாம்பைக் கொளுத்திச் சாமிப்படத்துக்குக் காட்டி வாசல் நிலையில் கொழுவிய சற்று நேரத்தில், விமலேஸ்வரி பொட்டுக்குள்ளால் வந்தாள்.

“அக்கா, கொஞ்சம் மண்ணெண்ணை தாங்கோ. மாட்டுக்கண்டு கயித்தை அறுத்துக்கொண்டு ஓடிட்டுது. இவர் தேடப் போகவேணும், லாம்பிலை ஒரு சொட்டும் இல்லை.”

“விளக்கு வைச்சிட்டனே பிள்ளை. இந்த நேரம் குடுத்தால் லட்சுமி போயிடுவா எண்டு உனக்குத் தெரியாதே? விடிய வா, தாறன்.”

“எங்கடை வீட்டை வந்தாவெண்டால் லட்சுமி இருட்டிலை தடக்கி விழுந்திடுவா, அக்கா.”

இருவரும் சிரித்தார்கள். விமலேஸ்வரி வெறும் போத்தலோடு திரும்பிப் போனாள்.

கனகலிங்கம் வெளிச்சமில்லாமலே போனான். வயல் வரம்பில் புடையன் பாம்பை மிதித்தான். விஷக்கடி வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் வண்டி கட்டிக் கொண்டுபோனார்கள். வண்டி முன்னால் சிற்றம்பலம் பிடித்துச் சென்றது இராசேஸ்வரி நிலையிலிருந்து கழற்றிக் கொடுத்த அதே லாம்பைத்தான். அப்போது விளக்கு வைத்த நேரத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. விடியுமுன் கனகலிங்கம் இறந்துபோனான்.

செத்தவீட்டில் இராசேஸ்வரி ஒரு மூலையில் இருந்தார். எவராவது ஏசுவார்கள் என்று காத்திருந்தது போல இருந்தது அவர் இருப்பு. ஒருவரும் ஏசவில்லை. ஒரு பெண் எண்ணெய்க் கதையை எடுத்தபோது, அழுதுகொண்டிருந்த விமலேஸ்வரிதான் மறித்தாள்.

“அக்காவைச் சொல்லாதேங்கோ. விளக்கு வைச்ச பிறகு போய்க் கேட்டது என்ரை பிழை.”

குற்றம் சொன்னால் மறுத்துப் பேசலாம், மன்னிப்புக் கேட்கலாம். இந்தச் சொல்லுக்கு முன்னால் இரண்டுக்கும் இடமில்லை. இராசேஸ்வரி எழுந்து தண்ணீர் அள்ளப் போனார்.

அதன் பிறகு பகலில் எண்ணெய் கொடுத்தனுப்பினார். விமலேஸ்வரி வாங்கிக்கொண்டாள், வாங்கியதை மிச்சம் பிடித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் எரித்தாள். இராசேஸ்வரி மாலையானதும் லாம்பைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நெருப்புப் பெட்டியைக் கையில் வைத்தபடி பொட்டுக்கு நேரே இருப்பார். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்த பிறகே தன் விளக்கைக் கொளுத்துவார். தெரியாத நாளில் இந்த வீடும் இருட்டிலேயே படுத்தது. வழக்கத்தை அவர் மீறவில்லை. விளக்கு வைத்த பிறகு எதையும் எவருக்கும் கொடுக்கவுமில்லை.

அடுத்த மாரிக்கு முன் விமலேஸ்வரியின் தமையன் வந்து, அவளையும் பிள்ளைகளையும் குடாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு விலையும் சற்று இறங்கியது. சிற்றம்பலம் போத்தல் நிறைய வாங்கி வந்து வைத்தார். ஆளில்லாத அந்த வீட்டின் கூரை ஒருபக்கம் இறங்கத் தொடங்கியிருந்தது.

“இருட்டிப்போச்சு. விளக்கை வையும்,” என்றார் சிற்றம்பலம்.

“பொறுங்கோ. இன்னும் நேரம் கிடக்கு,” என்றார் இராசேஸ்வரி, பொட்டைப் பார்த்தபடி.

மறுநாளும் அதையே சொன்னார். சில நாட்களின் பின் சிற்றம்பலம் கேட்பதை விட்டு, லாம்பைத் தானே கொளுத்தப் பழகிக்கொண்டார். அவர் கொளுத்தும்போது இராசேஸ்வரி எழுந்து முற்றத்து இருட்டுக்குள் போய் நிற்பார். இறக்கும்வரை அவர் தன் கையால் அந்த வீட்டில் விளக்கு வைக்கவில்லை.