அரை அந்தர் இறக்கிய அக்கா

மரண அறிவித்தல்களைத் திருத்துவது பத்திரிகை மேசையில் எனக்கு நீண்ட காலம் கிடைத்த வேலை. பிறப்பிடம், வதிவிடம் என்ற இரண்டு சொற்களும் பெரும்பாலும் இரண்டு நாடுகளில் இருக்கும். பிறந்தது ஏதோ ஒரு குறிச்சி, வாழ்ந்தது கனடா. அக்காவின் அறிவித்தலை எழுதியபோது இரண்டு இடத்திலும் எங்கள் ஊரான புத்தூரையே எழுதினேன். அது தானாக அமைந்த ஒன்றல்ல. அந்த ஒரு சொல்லுக்காக அக்கா தன் உடம்போடு இரண்டு வருடம் போராடி வென்றார். இந்த நினைவு மலரைக் கையில் எடுப்பவர்களுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் நால்வர். அக்கா மூத்தவர். ஐயா செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிர்செய்தார். அக்கா சாதாரண தரம் வரை படித்தார். இருபத்தொரு வயதில், அதே ஊரவரான அத்தானைக் கைப்பிடித்தார். வீடும் கிணறும் கிணற்றடித் தோட்டமும் சீதனமாக வந்தன. போரில் இடம்பெயர்ந்து போனபோது அக்கா தூக்கிக்கொண்டு போனவை கைக்குழந்தையும் ஒரு பிடி விதை வெங்காயமும். திரும்பி வந்து சில வருடங்களில் அத்தான் மாரடைப்பால் போய்விட்டார். அதன் பிறகு மூன்று பிள்ளைகளையும் வளர்த்துப் படிக்கவைத்தது அந்தத் தோட்டம். பாத்தி கட்டியது, இறைத்தது, நட்டது, கிண்டியது எல்லாம் அக்காவின் கைகள்.

பிள்ளைகள் மூவரும் வெளிநாடு போனார்கள். அக்கா அதே பெரிய பானையில் சமைப்பதை நிறுத்தவில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் பசி பார்த்தவர். மிஞ்சிய புட்டை எறிய மனம் வராது. காலையில் மிஞ்சியதைப் பத்து மணிக்கும், மத்தியானம் மிஞ்சியதை நாலு மணித் தேத்தண்ணியோடும் தானே சாப்பிட்டு முடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் அவரது எடை தொண்ணூற்றெட்டுக் கிலோ. வெங்காயம் வாங்க வரும் வியாபாரியின் தராசில் ஒருநாள் விளையாட்டாக ஏறினார். எங்கள் சந்தைக் கணக்கில் ஓர் அந்தர் என்றால் ஐம்பது கிலோ.

"அக்கா, ரண்டு அந்தருக்குக் கொஞ்சம்தான் குறையுது. உங்களையும் ஏத்திறதெண்டால் எனக்கு வேறை லொறி வேணும்" என்றார் வியாபாரி.

அக்கா சிரித்தார். ஆனால் அந்த ஆனி மாதம் கிளினிக்கில் சிரிக்க முடியவில்லை. சலரோகம் என்கிற நீரிழிவு, பிரஷர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எடை இறங்காவிட்டால் முழங்கால்கள் தாங்காது என்றார் வைத்தியர். ஏற்கெனவே அந்த வருடம் அக்காவால் பாத்தியில் குந்தமுடியவில்லை. வரம்பில் கதிரை போட்டு இருந்து, நடுபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து மூத்த மகன் தொலைபேசியில் கதைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, தோட்டத்தைக் குத்தகைக்குக் குடுத்திட்டு இஞ்சை வாங்கோ. அங்கை தனிய விழுந்தால் ஆர் தூக்கிறது?"

"வாற தைக்கு நான் பாத்தியிலை குந்தி நடுவன். நட்டிட்டு நானே எழும்புவன். ஏலாட்டி நீ பிளேன் ரிக்கெற் போடு, வாறன்."

அன்றிலிருந்து அக்காவுக்கு முன்னால் இருந்தது அந்த ஒரே விடயம்.

முதலில் பானையை மாற்றினார். சந்தையில் ஒருவருக்கு மட்டும் அளவான சின்னப் பானை ஒன்றை வாங்கிவந்து, பெரியதைப் பரணில் ஏற்றினார். மிஞ்சினால்தானே சாப்பிடவேண்டும் என்பது அவர் கண்ட வழி. தேத்தண்ணிக்குச் சீனி போடுவதை நிறுத்தினார். சோற்றுக்குக் கறி என்றிருந்ததை மாற்றி, சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்குமேல் கீரையும் பாவற்காயும் கத்தரிக்காயும் வைத்து, ஓரத்தில் ஓர் அகப்பை சிவப்பரிசிச் சோறு வைத்துக்கொண்டார். விரதங்களை விடவில்லை. ஆனால் தான் அதிகம் சாப்பிடுவது விரத நாட்களில்தான் என்பதை அவரே கண்டுபிடித்தார். பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, பாறணையில் வடையும் பாயாசமுமாக எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்த்துவிடுவது அவர் வழக்கம். அந்தப் பாயாசத்தை அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

ஆவணியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம். மச்சாள் அத்தானின் தங்கை, இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவர். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சோற்றில் கை நனைக்காமல் எழுந்தால், அந்த வீட்டோடு கோபம் என்றுதான் பொருள். இது அக்காவுக்குத் தெரியாதது அல்ல. வாழையிலையில் இருந்தார், மரக்கறிகளைச் சாப்பிட்டார், சோற்றைத் தொடாமல் இலையை மடித்தார். மச்சாள் வந்து நின்றார்.

"என்ன மச்சாள், சோத்திலை கை வைக்கேல்லை?"

"வீட்டிலை கொஞ்சம் சாப்பிட்டிட்டு வந்தனான். கிளினிக்கிலை சொல்லிப்போட்டினம், மச்சாள்."

"கலியாண வீட்டுக்கு ஆரும் சாப்பிட்டிட்டு வருவினமோ? எங்கடை சோறு பிடிக்கேல்லையெண்டால் நேரை சொல்லுங்கோவன்."

அன்று பின்னேரத்துக்குள் ஊரில் காரணங்கள் தயாராகிவிட்டன. மாப்பிள்ளை வீட்டாரைப் பிடிக்கவில்லை என்றார்கள். முன்வரிசையில் இருத்தவில்லை என்றார்கள். எடை குறைக்கிறார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மச்சாள் அக்காவோடு கதைப்பதை நிறுத்தினார்.

தை வந்தது. அக்கா பதின்மூன்று கிலோ இறங்கியிருந்தார். பாத்தியில் குந்தினார். முதல் வரிசையை நட்டார். எழும்ப முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், பக்கவாட்டில் சரிந்து பார்த்தார். கடைசியில் நடுகைக்கு வந்த பெண்கள் இருவர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள்.

"அக்கா, உங்களையும் சேத்து நட்டிட்டமோ எண்டு பாத்தன்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சேற்றுக் கையோடு சிரித்தார். அன்றிரவு மகனிடம் உண்மையைச் சொன்னார். அவன் நியாயமாக நடந்தான். இன்னொரு தை வரைக்கும் பார்ப்போம் என்றான். தோட்டத்தில் பாதி அந்த வருடம் குத்தகைக்குப் போனது.

சாப்பாட்டைக் குறைத்தது நல்லது, ஆனால் தொடைக்குப் பலம் வராமல் எழும்ப முடியாது என்று கிளினிக்கில் விளக்கினார்கள். அக்கா விடியற்காலையில் நடக்கத் தொடங்கினார். நடந்தது வயல்வெளி ஊடாகப் போகும் வீதியில். அங்கே நாய்த் தொல்லை குறைவு. மூன்றாம் நாள் வீதியின் மறுபக்கத்தில் இன்னொருவர் நடந்தார். மச்சாள். அவருக்கும் சலரோகம், அவருக்கும் அதே கிளினிக், அவருக்கும் நடக்கச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் சைக்கிளில் பின்னால் போய்ப் பார்த்தேன். இடது பக்கம் அக்கா, வலது பக்கம் மச்சாள். நடுவில் தார் வீதி. இருவரும் நேரே பார்த்தபடி, ஒரே வேகத்தில் போனார்கள். முதலில் மதகோடு திரும்பியவர்கள், பிறகு மதகைத் தாண்டினார்கள். பிறகு வைரவர் கோயிலையும் தாண்டினார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவ திரும்பாமல் நான் முதல் திரும்புறதோ? பிறகு உவ என்ன நினைப்பா?"

இப்படி இரண்டு மாதம் நடந்தார்கள். மழையிலும் குடையோடு நடந்தார்கள். மற்றவர் வருவாரோ என்ற ஐயத்தில் ஒருவரும் ஒருநாளும் வீட்டில் நிற்கவில்லை. நடைக்குத் துணை தேடுபவர்களுக்கு இதைவிட உறுதியான துணை கிடைக்காது.

ஒருநாள் வைரவர் கோயிலுக்கு அப்பால் அக்காவின் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு நடப்பது அவருக்கு ஆபத்து. சலரோகக்காரரின் காலில் காயம் இலேசில் ஆறாது. அக்கா கையில் செருப்போடு நின்றார். மறுபக்கத்தில் மச்சாளும் நின்றார். பிறகு வீதியைக் கடந்து வந்தார், சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினார்.

"உந்தச் செருப்பை இஞ்சை தாங்கோ."

வாரை ஊசியால் கோத்துக் கொடுத்துவிட்டு மச்சாள் வீதியோரக் கல்லில் இருந்துவிட்டார்.

"இனியாவது திரும்புவமோ, மச்சாள்? எனக்கு முந்தநாளே கால் செத்துப்போச்சு. நீங்கள் போறியள் எண்டுதான் நானும் வந்தனான்."

"ஐயோ, நான் உங்களைப் பாத்தெல்லோ வந்தனான்!"

இருவரும் சிரித்து முடிய வெயில் ஏறிவிட்டது என்று அக்கா சொன்னார். அன்று மத்தியானம் அக்கா மச்சாள் வீட்டில் கை நனைத்தார். மச்சாள் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும் வைத்து, சோற்றை ஓர் அகப்பையோடு நிறுத்தினாராம்.

அதன் பிறகு பயிற்சி அக்காவின் கிணற்றடிக்கும் வந்தது. கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குந்துவது, எழும்புவது. பிறகு ஒரு கையால் மட்டும் பிடிப்பது. பிறகு பிடிக்காமல். மச்சாள் பக்கத்தில் நின்று, "கள்ளம் செய்யாதேங்கோ, விரல் முட்டுது" என்று காவல் காத்தார். அடுத்தது அவர் முறை. அப்போது அக்கா காவல்.

அடுத்த தையில் அக்கா பாத்தியில் குந்தினார். ஒரு பாத்தி முழுவதும் நட்டார். எழும்பும் நேரம் வந்தபோது எல்லாப் பெண்களும் நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா இரண்டு கையையும் முன்னுக்கு நீட்டி, எதையும் பிடிக்காமல், நேரே எழுந்து நின்றார். பிறகு அடுத்த பாத்திக்குப் போனார். அவ்வளவுதான். ரிக்கெற் போடப்படவில்லை. குத்தகைக்குப் போன பாதித் தோட்டமும் அந்த வருடமே திரும்பி வந்தது.

அறுவடைக்கு வந்த வியாபாரியின் தராசில் அக்கா மீண்டும் ஏறினார். எழுபத்துமூன்று.

"அரை அந்தர் இறக்கிப்போட்டன். இறக்குகூலி தரமாட்டியளோ?" என்று கேட்டார்.

இறக்கியதை அவர் பிறகு ஏற்றவில்லை. அது பதினான்கு வருடம். சின்னப் பானையை மாற்றவில்லை. விடியற்கால நடையை விடவில்லை. ஒவ்வொரு தையிலும் நட்டார். இந்த வருடமும் நட்டார். கனடாவுக்கு ஒருமுறை போனார், பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நடுகைக்கு முன் திரும்பிவிட்டார். மாசியில் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் சில்லுக் கதிரை கொண்டுவந்தார்கள். "வேண்டாம் தம்பி, நடந்து வாறன்" என்று சொல்லி, மச்சாளின் கையைப் பிடிக்காமல், வாட்டுக்குள் நடந்தே போனார். நான்காம் நாள் அமைதியாகக் கண்மூடினார். வயது எழுபத்துநான்கு.

கிளினிக்கில் பொறுமையாகச் சொல்லித்தந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் கூடநின்ற உறவினர்க்கும் அயலவர்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பாத்தியிலிருந்து அக்காவை இழுத்து எடுத்த அந்த இரு பெண்களை அக்கா கடைசிவரை மறக்கவில்லை. நாங்களும் மறக்கமாட்டோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று மத்தியான உணவுக்குச் சமையல் பொறுப்பு மச்சாளுடையது. முதலில் கறிகள் வரும், கேட்டால் சோறு வரும். சோற்றைத் தொடாமல் எழுபவர்களோடு எங்களுக்குக் கோபம் இல்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் இந்தக் கிழமை, கனடாவிலிருந்து வந்த மூத்த மகன் அம்மா நட்ட வெங்காயத்தைக் கிண்டி எடுக்கவேண்டும் என்று பாத்தியில் குந்தினான். எழும்ப முடியவில்லை. நானும் இன்னொருவரும் பிடித்துத் தூக்கினோம். மச்சாள் வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிக்கெற்றை மாத்து, தம்பி. வாற தை வரைக்கும் நில். நாளைக்கு விடிய வெளியிலை வந்து நில்லு, நான் வாறன்."

அடுத்த நாள் விடிய இருவரும் வைரவர் கோயில் வரை நடந்தார்கள். அவன்தான் முதலில் திரும்புவோம் என்றானாம்.

— தம்பி