மடியில் சுரந்த பால்

கொட்டகையில் கத்தி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. ஈரல் வறுவலுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த ஸால்கா கரண்டியை அப்படியே போட்டாள். கோச்செவ்யே காட்டோரத்தில் நாற்பது வருஷமாக மான் அறுக்கும் கணவர் ஃப்ளோரியானின் கையிலிருந்து கத்தி நழுவியதே இல்லை.

ஓடினாள். கொக்கியில் தொங்கிய பெண்மானின் வாயில் கடைசி இரையாகத் தேவதாருக் கொத்து; கொன்ற மிருகத்துக்கு வேட்டைக்காரன் செய்யும் மரியாதை. அதே மரத்தின் கொத்து அவர் தொப்பியிலும் இருந்தது. வயிறு கிழிந்து, குடல் வாளிக்கு வந்துவிட்டது. அறுபட்ட மடியிலிருந்து ரத்தத்தின்மேல் வெள்ளையாகப் பால் வழிந்தது.

"குட்டி இருக்கு, ஸால்கா."

"பாக்கலையா நீ?"

"தனியாத்தான் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கணும். பொறுக்கல."

முதலில் குட்டியைச் சுட வேண்டும், பிறகுதான் தாயை. அவர்கள் வேட்டைச் சங்கத்தில் இதை மீறியவனின் துப்பாக்கி போய்விடும். மகன் மாட்டேய் டிராக்டர் கவிழ்ந்து செத்தபின் ஏழு மாதம் சுவரைப் பார்த்தே கிடந்தவர் ஃப்ளோரியான். அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தத் துப்பாக்கிதான். அது போனால் மறுபடியும் அந்தச் சுவர்தான்.

"நகரு மனுஷா." ஸால்கா மடியை முழுசாக அறுத்தெடுத்து வாளிக்குள் குடலுக்கு அடியில் அமுக்கினாள். தரையைக் கழுவினாள். "வாயத் திறந்தே, உன்னையும் இதே கொக்கியில மாட்டிடுவேன்."

மானைப் பார்வையிட சங்கத் தலைவர் பொகோமிர் வந்தார். "என்னடா கிழவா, கண்ணாடி போட்டும் என் முகம் தெரியாது, மான் மட்டும் தெரியுதோ?" என்று சிரித்தார். "தங்கச்சி, எனக்கும் ஒரு தட்டு ஈரல் வை!"

குனிந்து பார்த்தார். மடி இருந்த இடத்தில் ஒரு கணம் கண் நின்றது. பிறகு நிமிர்ந்து, "நல்ல வேட்டை" என்று கையை நீட்டினார்.

ஃப்ளோரியான் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. "வாளியைக் கவுத்துப் பாரு."

"ஐயோ, பாவி மனுஷா!" ஸால்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பொகோமிர் வாளியைத் தொடவில்லை. "ஏண்டா சொன்னே? நான்தான் ஒண்ணும் பாக்கலையே."

"பழைய சுண்ணாம்புச் சூளைக்குக் கீழ குட்டி கத்திக்கிட்டிருக்கும். பட்டினியில துடிச்சுச் சாகும். இன்னைக்கே யாராவது போய் அதை முடிக்கணும். எனக்குக் கை வராது. சொல்லாம எப்படி இருப்பேன்?"

பொகோமிர் சுவரில் சாய்ந்திருந்த ஃப்ளோரியானின் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாக்களைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் புருஷனோட உயிரையும் சேத்து எடுத்துட்டுப் போறீங்க அண்ணே" என்றாள் ஸால்கா.

ஃப்ளோரியான் தன் தொப்பியிலிருந்த கொத்தைப் பிடுங்கிப் பொகோமிர் கையில் வைத்தார்.

"குட்டி வாயில வைக்க."

பொகோமிர் துப்பாக்கியோடு காட்டுப் பக்கமாக நடந்தார். அடுப்பில் வெங்காயம் கருகும் வாடை வந்தது. ஸால்கா கதவைச் சாத்தினாள்.