துவாய் விற்கிறவன்

மகள் வேலைக்குச் சேர்ந்த கோடையில் எனக்கும் மனைவிக்கும் ஒரு பயணம் பதிவு செய்து தந்தாள். நாங்கள் இருக்கிற சுவிஸ் நகரமான ஓல்டனில் விடியப்புறம் பஸ் ஏறி, கொத்தார்ட் சுரங்கத்தைக் கடந்து, இத்தாலிக் கரையில் படகில் மூன்று குடாக்களைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவது. வழிகாட்டியும் கூட வருவார். மன்னாரை விட்டு வந்த பிறகு நான் உப்புத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. அது மகளுக்குத் தெரியும்.

பஸ்ஸில் எங்களைத் தவிர எல்லோரும் சுவிஸ்காரர், பெரும்பாலும் ஓய்வூதியக்காரர். இரண்டு வரிசை முன்னால் இருந்த பெண் என் மனைவியைக் கண்டதும் எழுந்து வந்து கைகொடுத்தாள். மனைவி வேலை செய்கிற முதியோர் இல்லத்தில்தான் அவளுடைய தாய் இருக்கிறாள். தாயைக் குளிப்பாட்டுவது என் மனைவி.

எல்லை தாண்டியதும் வழிகாட்டி மைக்கை எடுத்தான். கடற்கரையில் உடம்பு துடைக்கிற துவாயும் கறுப்புக் கண்ணாடியும் விற்க ஆட்கள் வருவார்கள், முகத்தைப் பார்க்காதீர்கள், பைகள் கவனம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் சொன்னான்.

முதல் குடாவில் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். வெளியே வர மனமில்லை. மனைவி முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அவ்வளவுதான் அன்றைய சந்தோஷம்.

இரண்டாவது குடாவில் மனைவி கழிப்பறை வரிசையில் நின்றாள். எங்கள் இரண்டு துவாய்களையும் அவளுடைய தொப்பியையும் சால்வையையும் கையில் போட்டுக்கொண்டு, இறங்குதுறையில் நின்ற எங்கள் கூட்டத்தை நோக்கி நடந்தேன். வழிகாட்டி என்னைப் பார்த்தான். கையை உயர்த்தி, காகம் கலைக்கிற மாதிரி வீசினான்.

“நோ, நோ! வியா, வியா!”

இத்தாலிய மொழியில் போ, போ என்று அர்த்தம். வேறு யாரையோ சொல்கிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, “சொன்னேன் இல்லையா, இப்படித்தான் வருவார்கள்” என்றான். சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் யாரென்று தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்தை விட்டு உடனே போகவில்லை.

“நான் உங்கடை பஸ்ஸில் வந்தவன்” என்றேன், அவர்களுடைய ஜெர்மன் மொழியிலேயே.

அவன் முகம் சிவந்தது. பிறகு என் தோளில் தட்டி, “வெயில், கண் தெரியவில்லை! இத்தனை துவாயோடு வந்தால் நான் என்ன நினைப்பது?” என்றான். இன்னொரு சிரிப்பு.

“கையை எடு. எல்லோருக்கும் கேட்கத்தானே கலைத்தாய்? மன்னிப்பையும் எல்லோருக்கும் கேட்கச் சொல்லு.”

தொப்பி போட்ட ஒரு கிழவர், “அருமையான நாளைக் கெடுக்காதீர்கள், படகு காத்திருக்கிறது” என்றார். அவனிடம் அல்ல, என்னிடம்! நாளைக் கெடுத்தது நானாம். துவாய் விற்பது இழிவான வேலை என்று நான் சொல்லவில்லை. விற்கிறவனைக்கூட அப்படிக் கலைக்க இவன் யார்?

மனைவி ஓடி வந்தாள். “இஞ்சேருங்கோ, என்ன நடந்தது?”

“என்னைத் துவாய் விக்கிறவன் எண்டு கலைக்கிறான். உன்னட்டைக் கைகுடுத்த அந்தப் பொம்பிளையும் சேந்து சிரிக்கிறா.”

“விடுங்கோ. எல்லாரும் பாக்கினம். ஏறுங்கோ.”

ஏறினேன். வேறு வழியில் வீடு போக எனக்குத் தெரியாது. மூன்றாவது குடாவை நான் பார்க்கவே இல்லை, படகின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் வழிகாட்டி இரண்டு ஐஸ்கிறீம் கொண்டுவந்து நீட்டினான். என்னுடையதை வாங்கி, அவன் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். மனைவி தன்னுடையதைத் தின்றாள்.

“அதுக்கு மேல கோவிச்சு என்ன? உருகப்போகுது” என்றாள். அவள் மேலும் கோபம் வந்தது.

ஓல்டனில் அவன் முன் கதவடியில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தான். நான் பின் கதவால் இறங்கினேன். மகள் அன்றைக்கே பயண நிறுவனத்துக்கு எழுதினாள். தவறான புரிதலுக்கு வருந்துவதாகப் பதில் வந்தது.

அடுத்த கிழமை மனைவி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்:

“அந்தப் பொம்பிளை தாயைப் பாக்க வந்தவ. ‘பயணம் வடிவா இருந்தது, என்ன?’ எண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்னனீ?”

“‘நீங்கள் சிரிச்சனீங்கள்’ எண்டன். ‘எல்லாரும் சிரிச்சவை’ எண்டா. ‘நான் உங்களைத்தான் கேக்கிறன்’ எண்டன். தாய் கட்டில்ல இருந்து பாத்துக்கொண்டிருந்தவ.”

“பிறகு?”

“அழுதவ. நான் கிழவிக்குச் சீப்பால தலை இழுத்து முடிச்சிட்டு வந்திட்டன்.”

“இப்ப அழுது என்ன? அண்டைக்கு வாய் திறந்தவளோ?”

“அதைத்தானே நானும் கேட்டனான்” என்றாள் மனைவி. பிறகுதான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். இவ்வளவு நாளும் அவள் விட்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.