மூக்கைக் காற்றுக்குக் காட்டிக் கட்டிய விமானம்

நாற்பது வருடமாக ஊர்காவற்றுறையில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறேன். என் கையால் கெட்டுப்போன எஞ்சின் ஒன்றே ஒன்றுதான். அது தம்பியின் விமானத்துக்குப் பூட்டியது.

தம்பி வெளிநாட்டில் இருப்பவன். அங்கே சின்ன விமானம் ஓட்டப் பழகியிருந்தான். பிறகு கண் மங்கத் தொடங்கியது. மருந்தில்லாத வியாதியாம். ஓட்டும் உரிமம் போனபின்தான் அவனுக்கு இந்த விசர் பிடித்தது. கரம்பொன்னில் எங்கள் காணிக்குள் கொட்டில் போட்டு, அவன் லீவில் வரும்போதெல்லாம் இரண்டு பேர் இருக்கக்கூடிய விமானம் ஒன்றைக் கட்டினோம். உடல் அவன் வேலை, எஞ்சின் என் வேலை. அனுமதி எடுப்பதும் ஓட்டுவதும் அவனுடைய கூட்டாளி பொறுப்பு.

"பார்வை இருக்கேக்க ஒருக்கா நெடுந்தீவை மேல இருந்து பாக்கவேணும் அண்ணை. அவ்வளவுதான்" என்றான்.

நான் பூட்டியது பழைய கார் எஞ்சின். வள்ளத்தில் கடல் தண்ணீரை உறிஞ்சித் துப்பினால் சூடு போய்விடும். காற்றால் ஆற்றுவது எனக்குப் புதிது. எஞ்சின் தண்ணீரின் சூட்டை ஆற்றும் ரேடியேற்றரை இருக்கைக்குக் கீழே, விமானத்தின் வயிற்றுப் பக்கமாக வைத்தேன். காற்று நிறைய வரட்டும் என்று முன்னால் பெரிய வாயாக வெட்டினேன். பின்னால், அது வெளியேறுவதற்கு, நாலு விரல் இடைவெளி விட்டேன். போதும் என்று நினைத்தேன்.

எஞ்சினை ஓட்டிப் பார்க்க விமானத்தின் வாலைப் பனையோடு கட்டினேன். மூக்கைச் சோளகக் காற்றுக்கு நேரே காட்டித்தான் கட்டினேன். வள்ளத்தைக் காற்றுக்கு முகம் காட்டிக் கட்டிப் பழகிய கை வேறு எப்படிக் கட்டும்? மூன்று வாரமும் தென்மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. பாதி வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டினோம். வெப்பமானியின் ஊசி எண்பதைத் தாண்டவில்லை. நான் பெரிய பெருமை அடித்தேன்.

தம்பி திரும்பிப் போக மூன்று நாள் இருக்கையில் காற்று விழுந்தது.

"இப்ப முழுசாத் திறந்து பாப்பம் அண்ணை. எழும்பி ஏறேக்கதான் எஞ்சினுக்கு முழுப் பாரம், வேகம் குறைவு, உள்ளுக்கு வாற காத்தும் குறைவு."

"மூண்டு கிழமை ஓடினது காணாதே உனக்கு?" என்று சினந்துகொண்டே திறந்தேன்.

ஊசி நூறு, நூற்றைந்து என்று ஏறியது. மானிதான் பிழை என்று எண்ணி இன்னும் ஒரு நிமிடம் விட்டேன். அந்த ஒரு நிமிடத்துக்காக என்னை நான் மன்னிக்கவே மாட்டேன். ஆவி சீறியது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்துவிட்டது.

சூடு ஆறியதும் தம்பி குனிந்து, பின்பக்கத்து இடைவெளியை விரலால் தடவினான்.

"வாறதுக்கு வாசல் விட்டிருக்கிறியள், போறதுக்கு விடேல்லை அண்ணை. சூடேறினால் காத்துப் பெருக்கும், அதுக்குக் கூட இடம் வேணும். இவ்வளவு நாளும் சோளகம்தான் காத்தை அதுக்குள்ளால இடிச்சுத் தள்ளியிருக்கு."

ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் விமானம் ஏறிப் போய்விட்டான்.

வேறு ஹெட் தேடிப் பிடிக்கவே மாதங்கள் போயின. பின்பக்கத்தை இரண்டு மடங்காக வெட்டினேன். ரேடியேற்றரைச் சுற்றிக் காற்று நழுவாமல் ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தேன். பங்குனியில், ஓலை அசையாத ஒரு மத்தியானம், முழுதாகத் திறந்து அரைமணி நேரம் ஓட்டினேன். ஊசி எண்பத்தெட்டில் நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

எஞ்சினை நிறுத்திய கையோடு தம்பிக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். ஊசி விழுவதற்குள் கைபேசியை மானிக்கு நேரே பிடித்தேன்.

"இந்தா, பார் தம்பி. வடிவாப் பார்."

திரையில் தம்பியின் முகம் கிட்டக் கிட்ட வந்து, ஒரு கண் மட்டுமே தெரிந்தது.

"எவ்வளவில நிக்குதெண்டு வாசியுங்கோ அண்ணை" என்றான்.

வாசித்தேன்.

"நல்லது" என்றான்.

நான் கைபேசியை இன்னும் மானிக்கு நேரேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.