அம்மா சொன்ன ‘டிக்’

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர்களை அறிந்த உறவுகளும் நட்புகளும் வீட்டில் வைத்துக்கொள்ள இந்த நினைவு மலரைத் தருகிறோம். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அம்மா பிறந்தது மம்சாபுரத்தில். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர்கள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி; பத்து வயதில் களையெடுக்கப் போய்விட்டார்கள். கல்யாணமாகி ராஜபாளையம் வந்தபின் தையல் கற்றுக்கொண்டு, நைட்டி தைத்தே என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார்கள்.

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. இன்று இதை நல்ல குணம் என்று எழுதுகிறேன். அன்று எங்களுக்கு அது பெரும் தொல்லை. தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள், “பொண்ணு நல்லாச் சமைக்குமா?” என்று கேட்டார்கள். “ரசம் வைப்பா. மத்தத நாங்க சகிச்சுக்கிடுதோம்,” என்றார்கள் அம்மா. அந்த வீட்டில்தான் தங்கை இப்போது வாழ்கிறாள். மாமியார்தான் சமைக்கிறார்.

அப்பா நூற்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்கள். அங்குள்ள இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது. ஆலைக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டிலும் அப்படித்தான். முகத்துக்கு நேரே சொன்னால் அப்பாவுக்கு எல்லாம் புரியும். முதுகுக்குப் பின்னால் சொன்னால் ஒன்றும் விழாது.

ஓய்வு பெற்றதும் அப்பா, மூன்று கை மாறிய பழைய கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் வெளிச்சம் வருவது அந்த ஒரு பக்கம்தான். அங்கே தையல் மிஷினைப் போட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. உள்ளறையில் பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோத்தார்கள். “இந்த எருமை என்னைக்கு எந்திரிச்சுப் போகுமோ,” என்று காரைத் தினமும் திட்டுவார்கள். எல்லாம் அப்பாவின் முதுகைப் பார்த்துத்தான். முகத்தைப் பார்த்து ஒரு நாளும் சொன்னதில்லை. ஆசையாக வாங்கிய மனிதர் வருத்தப்படுவாரே என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது, என்ஜினில் ஏதோ தட்டுகிற சத்தம் வந்தது. “கார் தொலையணும்னு இப்பத்தான சாமிட்ட சொன்னேன், இம்புட்டு வேகமாவா?” என்று பின் சீட்டில் அம்மா என்னிடம் சொன்னார்கள். முகத்தில் அப்படியொரு நிறைவு. அப்பா நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு வந்ததும் நான் எதிரே போய் நின்று சொன்ன பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

மறுநாள் காலை பானட்டைத் திறந்தோம். அப்பா ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தது. “மேல இருந்து டிக்கு டிக்குனு வந்தா டேப்பட்ல இடைவெளி கூடிருக்கும். நானே சரி பண்ணிருவேன். அடியில இருந்து டொக்கு டொக்குனு வந்தா பேரிங் போச்சு. பேசாம பழைய இரும்புக்குப் போட்டுருவேன்,” என்று சொல்லி, என்ஜினை ஓடவிட்டு எங்கள் வாயைப் பார்த்தார்கள்.

நான் கைபேசியில் நான்கு வீடியோ பார்த்துத் தயாராக இருந்தேன். “நாக்கிங்ப்பா,” என்றேன்.

“பேரு வைக்கச் சொல்லலலே. எப்படிக் கேக்குது? வாயால அடிச்சுக் காட்டு.”

“டொக்... டிக்... ஒரு மாதிரி டக்குனு வருது.”

எதிர்வீட்டுப் பட்டாள மாமா வந்தார். இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர். “கடகட கடகடனு வருது அத்தான்.”

“அது ஒம்ம வாயா, துப்பாக்கியா?” என்ற அப்பா, உள்ளே பார்த்துக் கத்தினார்கள். “ஏட்டி, நீ வா!”

தையல் மிஷினில் ஊசி ஒடியப்போவதைச் சத்தத்திலேயே சொல்லிவிடும் காது அம்மாவுடையது. கழுத்தில் அளவு டேப்போடு வந்தார்கள். அப்பா நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜின்மேல் வைத்து, பிடியில் காதை வைக்கச் சொன்னார்கள். பிறகு என்ஜினை நிறுத்தி நிறுத்தி, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு ஓடவிட்டார்கள். பேரிங் போயிருந்தால், அதற்குரிய ஒயரைக் கழற்றும்போது சத்தம் குறைய வேண்டும்.

அப்பா குனிந்திருந்த நேரம் பார்த்துப் பட்டாள மாமா முழுக் குரலில் சொன்னார்: “யக்கா, டொக்குனு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே மிஷின் வெளிச்சத்துக்கு வந்துரும்.”

“சும்மா இருங்க தம்பி.”

“சாமியே ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்கு யக்கா!”

“சொல்லிரும்மா,” என்று நானும் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்தார்கள். மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

“கொறையுதா?”

அம்மா காரைப் பார்த்தார்கள். அதன்மேல் விழுந்துகொண்டிருந்த வெயிலைப் பார்த்தார்கள். உதடு குவிந்தது. ‘டொ’ வரப்போகிறது என்று நினைத்தேன். குவிந்த உதடு சிறிது நேரம் அப்படியே நின்று, பிறகு விரிந்தது.

“கொறையல. டிக்குனுதான் கேக்குது. மேல இருந்துதான் வருது.”

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

என்ஜின் ஆறியதும் அப்பா மேல்மூடியைக் கழற்றி, மெல்லிய அளவுத் தகட்டை ஒவ்வொரு டேப்பட்டிலும் நுழைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் மட்டும் தகடு தடையில்லாமல் வழுக்கியது. அப்பா திருகை முறுக்க, தகட்டை இழுத்துப் பார்த்தது அம்மாதான். “இன்னும் செத்த இறுக்குங்க. ஊசிக்கடியில துணி போற மாதிரி இழுபடணும்.” மறுபடி ஓடவிட்டபோது சத்தம் இல்லை. அப்பா எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டார்கள்.

கடைசி மூன்று மாதம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும் அந்தக் காரில்தான். போகும் வழியெல்லாம் படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்டு, “ஒரு கொறையும் இல்ல, நல்லா ஓடுது,” என்று வேண்டாவெறுப்பாகச் சான்று கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் அம்மாவைத் தூக்கி உட்காரவைத்த செவிலியர்களுக்கும், தினமும் சோறு கொடுத்துவிட்ட தங்கையின் மாமியாருக்கும், கூப்பிடும் முன்பே வந்து நின்ற பட்டாள மாமாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடன் இருக்கும்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. அச்சுக்குக் கொடுக்கும் முன், எதிரே உட்கார்ந்து இதை நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினேன். வாசலில் மிஷின் போட அம்மா ஆசைப்பட்டது அவர்களுக்கு அப்போதுதான் தெரியும். முடியும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்கள்:

“பொறவு ஏம்லே டிக்குனு சொன்னா?”

“டிக்குனுதானப்பா கேட்டுச்சு.”