திருப்பி ஓடிய தாலாட்டு

யோகராசாவின் மகள் காலையில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, அப்பா போயிட்டார்" என்றாள். அடுத்த பேருந்தில் சித்தாண்டிக்குப் போனேன். அங்கே கூடியிருந்த பலருக்கு அவரைப் பேசாத மனிதராகவே தெரியும். கிரான் அரிசி ஆலையில் அவரோடு வேலை செய்த எங்களுக்குத் தெரிந்தவர் வேறு ஆள்.

அந்த யோகராசா ஆலையையே சிரிக்க வைப்பவர். கசற்றைக் கழற்றி, நாடாவை முறுக்கி, அதன் முதுகுப்பக்கம் படும்படி பூட்டி, பாட்டுகளைப் பின்னாலிருந்து ஓட விடுவார். கேட்டுக் கேட்டுத் தானும் தலைகீழாகப் பாடப் பழகினார். மகள் பிறந்தபோது, தான் கட்டிய தாலாட்டைக் கடைசியிலிருந்து பாடிப் பதிந்தார். நாடாவைத் திருப்பிப் பூட்டினால் அது சரியான தாலாட்டாக வரும். குரல் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கும்.

யுத்த காலத்தில் ஒருநாள், அவரும் தம்பி சந்திரனும் சைக்கிளில் வரும்போது, காவலரணில் அந்தக் கசற் பிடிபட்டது. போட்டுக் கேட்ட படையினர் ரகசியப் பேச்சு என்று நினைத்து இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அவர் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னார்.

"தாலாட்டு எண்டு சொன்னன், மச்சான். அடிச்சானுகள். பிறகு பெரியவன், பாடிக் காட்டு எண்டான்."

கிழிந்த உதட்டோடு தலைகீழாகப் பாடினார். அதைப் பதிந்து, அவரைக் கொண்டே நாடாவைத் திருப்பிப் பூட்டிக் கேட்டார்கள். தாலாட்டு வந்தது. அதிகாரி சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளன் சந்திரனைக் காட்டி, "இவனையும் பாடட்டாம்" என்றான்.

சந்திரனுக்குத் தலைகீழாகப் பாடத் தெரியாது. தனக்குத் தெரிந்தபடி, அந்தத் தாலாட்டை நேராகப் பாடினான். யாரும் சிரிக்கவில்லை.

"நீ போ. தம்பி நாளைக்கு வருவான்" என்று யோகராசாவை மட்டும் வெளியே விட்டார்கள்.

அவன் வரவில்லை. மறுநாள் போய்க் கேட்ட தாயிடம், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள்.

யோகராசா அதன்பிறகு பாடவில்லை. "எனக்கும் பழக்கித் தா அண்ணன் எண்டு கேட்டவன். உனக்கு என்னத்துக்குடா எண்டிட்டன்" என்றார்.

யுத்தம் முடிந்தபின் ஓர் அலுவலகத்தில், சந்திரனுக்கு மரணச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். நானும் கூடப் போயிருந்தேன். யோகராசா பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"நான் விட்டிட்டு வரக்குள்ள அவன் உயிரோட இருந்தவன். செத்திட்டான் எண்டு நான் என்னெண்டு ஒப்பம் வைக்கிற?"

எழுத்தர் குனிந்துகொண்டார். நாங்கள் எழுந்து வந்தோம்.

அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்திருக்கிறேன். சந்திரனை முகாமுக்குள் கண்ட எங்கள் ஆள் அவர் ஒருவர்தான். அவரை அறிந்தவர்களே, இனி யாராவது வந்து சந்திரனைப் பற்றி விசாரித்தால் என்னிடம் அனுப்புங்கள்.